சங்கு ஊதிடுச்சு, மாத்திரை போட்டியா?

தங்கவயல் நாட்கள் – 14

போன வாரம் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு கோலார் தங்கவயல் மாரிகுப்பத்திலிருந்து ஓர் அண்ணன் போன் செய்தார். சின்ன வயதில் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவர்.

"ஏம்மா, எங்கப்பா மாதிரி ஆளுங்களோட மூச்சு நோவை எழுதிட்ட. சந்தோசம். என் ரத்த நோவை எப்ப எழுதப்போற? பதினஞ்சு வருசமா அத்தோட குடித்தனம் பண்ணிக்கினு இருக்கேன்."

அவருக்கு நோய் இருப்பது எனக்குத் தெரியும். அவரே எழுதச் சொல்லுவார் என்று நினைத்ததில்லை. பெயர் மட்டும் வேண்டாம் என்றார். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அவர் அண்ணன்தான்.

அவருக்கு வந்திருப்பது நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். சிஎம்எல் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்கள் கணக்கில்லாமல் பெருகும். ஆனால் மெதுவாகப் பெருகும். ஆரம்பக் கட்டத்தில் வலி இருக்காது, காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. வேறு எதற்கோ ரத்தம் கொடுக்கப் போய் இதைத் தெரிந்துகொண்டு திரும்புகிறவர்கள் நிறைய. வெளிநாடுகளில் இது அறுபதை ஒட்டிய வயதில் வரும் நோய். நம் நாட்டில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் தோளில் இருக்கிற வயது அது.

அண்ணனுக்கு 2010இல் வந்தது. அப்போது அவருக்கு 36. பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எலக்ட்ரீஷியன் வேலை. விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, சாம்பியன், உரிகம், கோரமண்டல் தாண்டி, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் போய், ராத்திரி அதே வழியில் திரும்பும் ஆயிரக்கணக்கான தங்கவயல்காரர்களில் ஒருவர். நூறு கிலோமீட்டர் போக, நூறு கிலோமீட்டர் வர. இந்தத் தொடரில் அந்த ரயிலைப் பற்றி இரண்டு வாரம் எழுதிவிட்டேன். இன்னும் தீரவில்லை.

"ரெண்டு இட்லி துன்னா வயிறு ரொம்பிப் பூடும்" என்றார். "இடது பக்கம் கல்லு வச்ச மாதிரி கனமா இருக்கும். பேண்ட் இடுப்புல லூசு, வயிறு மட்டும் டைட்டு. வாயுன்னு நெனச்சு இஞ்சி, ஓமம், பெருங்காயம் எல்லாம் பாத்துட்டேன். ஆறு மாசம் ஓடிப்போச்சு."

இடது விலா எலும்புக்குக் கீழே இருப்பது மண்ணீரல். சிஎம்எல் நோயில் அது வீங்கி வயிற்றை அழுத்தும். கடைசியில் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சிறிய லேபில் ரத்தம் கொடுத்தார். வெள்ளணு 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய இடத்தில் 1,86,000 என்று வந்தது. லேபில் இருந்தவர் மெஷின் கோளாறு என்று நினைத்து மறுபடியும் ரத்தம் எடுத்தார். மறுபடியும் அதே எண். ஒரு வாரத்துக்குள் அண்ணன் பெங்களூர் கிட்வாயில் இருந்தார்.

நம் பக்கத்தில் யாராவது "கிட்வாய்க்குப் போறேன்" என்றால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. 1973இல் ஆரம்பித்த அந்த அரசுப் புற்றுநோய் மருத்துவமனையின் பெயரே எங்கள் ஊரில் நோயின் பெயராகிவிட்டது. அண்ணனின் அம்மா அந்தப் பெயரைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். "பிளட் கேன்சர்" என்ற சொல்லை நமக்குக் கற்றுக்கொடுத்தது சினிமா. கதாநாயகன் இருமுவான், கைக்குட்டையில் ரத்தம் தெரியும், அடுத்த பாட்டு சோகப் பாட்டு. அந்த அம்மாவுக்குத் தெரிந்த ரத்தப் புற்றுநோய் அதுதான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 2001க்கு முன்னால் இந்த நோய் வந்தவர்களின் கதி ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. மூன்று முதல் ஐந்து வருடம். அதற்குள் நோய் திடீரென்று வேகமெடுக்கும். எடுத்தபின் மாதக் கணக்குதான்.

2001 என்று எழுதும்போது கை நிற்கிறது. தங்கவயல்காரர் யாருக்கும் அந்த வருடம் சும்மா ஒரு வருடமல்ல. பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் வந்து தோண்ட ஆரம்பித்த பூமி, 120 வருடத்துக்குப் பிறகு அடங்கியது. அண்ணனின் அப்பா அன்றைக்கு வேலையிழந்தார். அப்பாவின் வேலை தனக்குக் கிடைக்கும் என்று காத்திருந்த 27 வயது அண்ணனின் எதிர்பார்ப்பும் அன்றோடு முடிந்தது.

அந்த நாளிலிருந்து சரியாக 71ஆம் நாள், மே 10ஆம் தேதி, அமெரிக்காவில் ஒரு மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. இமாட்டினிப். கிளிவெக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தங்கவயலில் அதை யாரும் கவனித்திருக்க வழியில்லை. ஊரே பணிக்கொடைக் கணக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லுவார்களோ என்ற பயமுமாக இருந்தது. ஒன்பது வருடம் கழித்து எங்கள் லைன்காரர் ஒருவரின் உயிர் அந்த மாத்திரையில் நிற்கப் போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

இந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். 1960இல் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள், இந்த நோயாளிகளின் ரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். அந்த ஊர்ப் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. 1973இல் ஜேனட் ரௌலி என்ற பெண் விஞ்ஞானி காரணத்தைக் கண்டுபிடித்தார். 9ஆம் குரோமோசோமின் துண்டு 22இலும், 22இன் துண்டு 9இலும் இடம் மாறி ஒட்டியிருக்கிறது. அந்த ஒட்டில் ஒரு புதிய ஜீன் பிறக்கிறது. அது அணுவைப் பார்த்து "பெருகு, பெருகு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இமாட்டினிப் அந்த வாயை அடைக்கும் மாத்திரை. 1998இல் பிரையன் டிரக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் இதை முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்தார். போதிய அளவில் மருந்து பெற்ற 54 பேரில் 53 பேரின் ரத்த எண்ணிக்கை சரியான நிலைக்குத் திரும்பியது. பத்து வருடம் தொடர்ந்து கவனித்ததில், இமாட்டினிப் எடுத்தவர்களில் நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள்.

மாத்திரை நோயை ஒழித்துவிடுவதில்லை. அடக்கி வைக்கிறது. இதை அண்ணன் எனக்கு விளக்கியதுபோல எந்த டாக்டரும் விளக்கவில்லை.

அவர் அப்பா சுரங்கத்துக்குள் பம்ப் ஓட்டியவர். "கல்லு ஒடைக்கிறவன், வெடி வெக்கிறவன் எல்லாம் லீவு போடலாம், நாங்க போட முடியாது" என்று அவர் பெருமையாகச் சொல்லுவது எனக்கும் ஞாபகமிருக்கிறது. சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். பூமிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். இரவு பகல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் ஆள் கீழே நிற்க முடியும். மைன் மூடியபின் பம்புகள் நின்றன. தண்ணீர் ஏறியது. இன்றைக்கு அந்தக் குழிகளில் எல்லாம் தண்ணீர்தான்.

"என் ஒடம்பும் அதே மைன்தாம்மா. தண்ணி ஊறத்தான் செய்யும். ஊறுறதை நிறுத்த முடியாது. எங்கப்பா பம்ப் ஓட்டினாரு, நான் மாத்திரை போடுறேன். பம்ப் நிக்கக் கூடாது. அவ்ளோதான் இதுல இருக்குற சங்கதி."

பம்பை நிறுத்திப் பார்த்தவர் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார். அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன். பணக் கதையை முதலில் சொல்லியாக வேண்டும். மெதுவாக வரும் நோய் ஆளைக் கொல்லாமல் வீட்டைக் கொன்றுவிடும். பதினைந்து வருடம் மாத்திரை என்றால் 180 மாதத்துக்கு மருந்துச் செலவு.

கிளிவெக்கின் விலை இங்கே மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. அதே மருந்தை நாட்கோ போன்ற இந்தியக் கம்பெனிகள் மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குத் தயாரித்துக் கொடுத்தன. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நடந்த சண்டையில் நம் சென்னைக்குப் பெரிய இடம் உண்டு. கிளிவெக்கை விற்ற நோவார்டிஸ் கம்பெனி அந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். புற்றுநோயாளிகளுக்காகப் பாடுபடும் மும்பை அமைப்பு ஒன்றும் இந்தியக் கம்பெனிகளும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தெரிந்த மருந்தில் சிறு மாற்றம் செய்து மறுபடியும் காப்புரிமை வாங்க முடியாது என்று சொல்லும் சட்டப் பிரிவு 3(டி)யே செல்லாது என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்டு 6ஆம் தேதி நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். கடைசியாக 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று முடித்தது.

அன்றைக்குத் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் எங்கள் லைனில் ஒரு வீடு இருண்டிருக்கும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அண்ணனின் அப்போதைய மாதச் சம்பளம் 7,500 ரூபாய்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே நோவார்டிஸ் கம்பெனி, மேக்ஸ் அறக்கட்டளை வழியாக, இந்தியாவில் ஆயிரக்கணக்கான ஏழை நோயாளிகளுக்கு கிளிவெக்கை இலவசமாகக் கொடுத்தது. இந்த நோயால் இறந்த மேக்ஸ் என்ற சிறுவனின் நினைவில் அவன் குடும்பம் தொடங்கிய அறக்கட்டளை அது. இந்தியாவில் அதன் முகமாக இருந்தவர் விஜி வெங்கடேஷ். நோயாளிகள் ஒருவரையொருவர் சந்தித்துப் பேச 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மேக்ஸ்' என்ற குழுவும் நடக்கிறது. அண்ணனும் முதல் சில வருடங்கள் இலவச மாத்திரையில்தான் இருந்தார். பிறகு இந்திய மாத்திரைக்கு மாறினார். இன்று இமாட்டினிப் அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. விலையும் பல மடங்கு இறங்கிவிட்டது.

இனி அவர் வீட்டுக்குப் போவோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனேன். பழைய லைன் வீடுதான். தகரத்தை எடுத்துவிட்டுச் சிமெண்ட் ஷீட் போட்டிருக்கிறார்கள். முன்னறைச் சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர். அதில் முந்தின நாள் தாள் கிழிந்திருந்தது, அன்றைய தாள் இருந்தது. கையில் கிடைத்தபோது கிழிப்பதுதானே நம் வீடுகளில் வழக்கம்? அந்த வீட்டில் அப்படி இல்லை. ராத்திரி மாத்திரை போட்ட பிறகுதான் அன்றைய தாளைக் கிழிக்க வேண்டும், அதுவும் அண்ணன் கையால்தான். காலையில் எழுந்து பார்க்கும்போது நேற்றைய தேதி தொங்கிக்கொண்டிருந்தால், நேற்று மாத்திரை போடவில்லை என்று பொருள். டப்பாவைத் திறந்து எண்ணத் தேவையில்லை. வீட்டுக்குள் வருகிற யார் கண்ணுக்கும் தெரியும்.

எட்டரை மணிக்கு அண்ணனின் போனிலிருந்து பழைய மைன் சங்கு ஊதியது. பெண் எங்கிருந்தோ அந்தச் சத்தத்தைத் தேடிப் பிடித்து அலாரமாக வைத்திருக்கிறாள். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஊரை எழுப்பிய சங்கு. இருபது வருடத்துக்கும் மேலாக நான் கேட்காத சத்தம். உள்ளே கட்டிலில் படுத்திருந்த அண்ணனின் அம்மா, எண்பது வயதைத் தாண்டியவர், குரல் கொடுத்தார்:

"சங்கு ஊதிடுச்சு, மாத்திரை போட்டியா?"

"இன்னும் துன்னவே இல்ல, இரும்மா."

அண்ணி கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் வைத்தார். சாப்பிட்டு முடித்தபின் அட்டையிலிருந்து ஒரு மாத்திரை, ஒரு சொம்பு நிறையத் தண்ணீர். முழுச் சொம்பையும் குடித்தார். பிறகு எழுந்து போய்த் தாளைக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் ரயிலில் ராசிபலன் படிக்க.

ஆரம்பத்தில் காலையில் வெறும் டீயோடு போட்டுக்கொண்டு ரயில் ஏறியிருக்கிறார். பங்காருபேட்டை வருவதற்குள் குமட்டும். இரண்டு தடவை நெரிசலில் வாந்தி. சாப்பாட்டுக்குப் பிறகு, நிறையத் தண்ணீரோடு, என்று டாக்டர் சொன்னபின் ராத்திரிக்கு மாறினார். குமட்டல் நின்றது. போட்ட உடனே படுப்பதில்லை. வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். காலையில் கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கும். ஊறுகாய், கருவாடு குறைத்தபின் அது கொஞ்சம் வடிந்தது. நடுராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அண்ணி எழுந்து நீவிவிடுவார். களைப்பு இருக்கும். அது முழுதாகப் போகவே இல்லை, அதைப் பழகிக்கொண்டேன் என்கிறார். அடுக்குமாடியில் ஏணி ஏறும் வேலைகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் கீழே உட்கார்ந்து செய்யும் வேலைகளை வைத்துக்கொள்கிறார். மேஸ்திரியிடம் உண்மையைச் சொல்லித்தான் இந்த ஏற்பாடு. மறைத்திருந்தால் சோம்பேறி என்ற பெயர்தான் வந்திருக்கும்.

இன்னொரு விஷயம், எந்தப் புத்தகத்திலும் பெரிதாக எழுத மாட்டார்கள். இந்த மாத்திரை தோலின் நிறத்தை வெளுக்க வைக்கும். கறுத்த தோலில் நன்றாகத் தெரியும். அண்ணன் எங்கள் லைனிலேயே கறுப்பு. இப்போது மாநிறம். கல்யாண வீடுகளில் "என்ன கிரீம் போடுற?" என்று கேட்பார்களாம். கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரியாமல் போய்விட்டது என்பதுதான் அவருக்கு வருத்தம். "நான் அச்சு அசல் எங்கப்பா மாதிரி இருந்தேன்ல?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் அண்ணே, இருந்தீர்கள்.

பம்ப் நின்ற கதை இதுதான். மூன்றாவது வருடம். எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருந்தது. வயிறு இறங்கிவிட்டது, பசி வந்துவிட்டது, ஆள் தேறிவிட்டார். உறவினர் ஒருவர், "இங்கிலீஷ் மாத்திரை கல்லீரலைத் தின்னுடும், நாட்டு மருந்தில் வேரோடு எடுத்துடலாம்" என்று ஓர் ஊருக்குக் கூட்டிப்போனார். அங்கே கொடுத்த பொடியைத் தின்றுகொண்டு ஏழு வாரம் மாத்திரையை நிறுத்தினார். உடம்பில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அதுதான் இந்த நோயின் சூது. அடுத்த பிசிஆர் பரிசோதனையில் 0.08 இருந்த எண் 2.6 ஆகியிருந்தது.

பிசிஆர் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். ரத்த எண்ணிக்கை சரியாக இருப்பது முதல் படிதான். அந்தக் கெட்ட ஜீன் ரத்தத்தில் எத்தனை சதவீதம் மிச்சமிருக்கிறது என்று அளப்பதுதான் இந்தப் பரிசோதனை. சிகிச்சை தொடங்கிய மூன்றாவது மாதம் 10 சதவீதத்துக்குள், ஆறாவது மாதம் 1 சதவீதத்துக்குள், ஒரு வருடத்தில் 0.1க்குள் வர வேண்டும். அதற்குப் பிறகும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எண் ஏறினால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். டாசாட்டினிப், நிலோட்டினிப் என்று அடுத்த மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் தனித் தொல்லை, தனி விலை. அண்ணனுக்கு அதிர்ஷ்டம். மறுபடியும் அதே மாத்திரையை ஒழுங்காகப் போட்டதில் எட்டு மாதத்தில் எண் இறங்கியது. எல்லோருக்கும் இறங்கும் என்று சொல்ல முடியாது.

ஏழு வாரம்கூட வேண்டாம். லண்டனில் 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நோயாளிகளுக்குக் கொடுத்த மாத்திரை டப்பாவின் மூடியில் சிறிய சிப் ஒன்றை வைத்து, எத்தனை தடவை திறக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு நோய் நன்றாக அடங்கியிருந்தது. அதற்குக் கீழே போனவர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூட அப்படி அடங்கவில்லை. தொண்ணூறு சதவீதம் என்றால் மாதத்தில் மூன்று நாள் மறப்பது. கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் மூன்று நாள் மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால் அந்தக் கணக்கு தீர்ந்தது. அதற்காக மறந்ததை மறுநாள் இரட்டையாகப் போடவும் கூடாது.

நன்றாக அடங்கி, பல வருடம் அப்படியே நின்றவர்களில் சிலருக்கு மருத்துவர்களே மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புவதில்லை. ஆனால் அது அடிக்கடி பிசிஆர் பார்த்துக்கொண்டு, டாக்டர் கையில் நிறுத்துவது. பொடி வாங்கிக்கொண்டு தானே நிறுத்துவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சிலிகோசிஸ் பிடித்த நுரையீரலில் காசநோய் சுலபமாக ஏறும் என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதனால் தங்கவயலில் டிபி மாத்திரை பல வீடுகளுக்குப் பழக்கம். டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், இமாட்டினிப்பை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். மாத்திரை போட்டும் போடாத மாதிரி ஆகும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயினும் அப்படியே. கிரேப்ஃப்ரூட் பழம் எதிர்ப்பக்கம் வேலை செய்து மருந்தின் அளவைக் கூட்டிவிடும். எந்த டாக்டரிடம் எந்த நோய்க்குப் போனாலும் முதல் வாக்கியமே "நான் இந்த மாத்திரை போடுறேன்" என்பதாக இருக்கட்டும். இளம் பெண்கள் இந்த மாத்திரையில் இருக்கும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது. குழந்தை வேண்டும் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும். பேசினால் வழி இருக்கிறது.

"சயனைடு மண்ணாலதான் எனக்கு வந்துச்சா?" என்று அண்ணன் கேட்டார். ஊரைச் சுற்றி மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கும் சுரங்கக் கழிவான அந்தச் சாம்பல் மண், காற்றடிக்கும் மாதங்களில் சோற்றில்கூட விழுவதைத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். எந்த நோய் வந்தாலும் முதலில் அந்த மேட்டைத்தான் பார்ப்போம். அந்தத் தூசியால் மூச்சுக்குக் கேடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை மூடி மரம் வைக்க வேண்டும் என்று இந்தத் தொடரில் பல தடவை எழுதிவிட்டேன். ஆனால் சிஎம்எல்லுக்குத் தெளிவாக நிரூபிக்கப்பட்ட காரணம் அதிகக் கதிர்வீச்சு ஒன்றுதான். ஹிரோஷிமாவில் தப்பியவர்களிடம் இது கூடுதலாகக் கண்டது. மற்றபடி பெரும்பாலானவர்களுக்குக் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை. அண்ணனிடம் அதையே சொன்னேன். தொற்றாது, பிள்ளைக்குப் பரம்பரையாகப் போகாது என்றும் சொன்னேன். பெண்ணைப் பார்க்க வருகிற வீட்டாருக்கு இதை எழுதிக் கொடுக்கச் சொல்லி அண்ணி கேட்டார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மெதுவாக வளரும் புற்றுநோய்கள் வேறும் உண்டு. வயதானவர்களுக்கு வரும் சிஎல்எல் என்ற ரத்தப் புற்றுநோயில் பலருக்கு வருடக்கணக்கில் மருந்தே கொடுக்காமல், பரிசோதனை மட்டும் செய்து காத்திருப்பார்கள். புராஸ்டேட் புற்றிலும் சிலருக்கு அப்படி. "கேன்சர்னு சொல்லிட்டு மருந்து குடுக்காம அனுப்புறாங்களே" என்று குடும்பம் பதறும். அந்தக் காத்திருப்பும் சிகிச்சைதான். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

இப்போது என் மனசில் இருக்கும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். அண்ணனுக்கு மாத்திரை தொந்தரவல்ல. பரிசோதனை நாள்தான் தொந்தரவு. ஒரு நாள் கூலி போகும். வரிசை, டோக்கன், மறுபடியும் வரிசை. முடிவு வாங்க இன்னொரு நாள். அந்த இரண்டு நாள் சம்பளத்துக்குப் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள் எங்கள் ரயிலிலேயே இருக்கிறார்கள். ஒரு காலத்தில் சாம்பியன் ரீஃபில் கம்பெனி ஆஸ்பத்திரி இருந்த ஊர் இது. சுரங்கத்தோடு அதுவும் போனது. பிசிஆர் இயந்திரத்தை இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. ஒரு சிறிய குழாய் ரத்தம், குளிர்ச்சியாக வைத்தால் அதே நாளில் பெங்களூர் போய்ச் சேர்ந்துவிடும். நூறு கிலோமீட்டர்தான். மாதத்தில் ஒரு நாள் தங்கவயல் அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்து மொத்தமாக அனுப்பி, முடிவைப் போனில் சொல்லும் ஏற்பாட்டைக் கர்நாடக அரசு செய்து தர வேண்டும். தினமும் இத்தனை ஆயிரம் பேரைப் பெங்களூருக்கு வேலைக்கு அனுப்பும் ஊர், பத்துப் பதினைந்து குழாய் ரத்தத்தை அனுப்ப முடியாதா? சட்டமன்ற உறுப்பினர் முதல் சுகாதாரத் துறை வரை இதைக் கேட்க வேண்டும். நான் கேட்டு எழுதிய கடிதத்தை இந்த வாரம் தபாலில் சேர்த்துவிட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் நீங்களும் ஒன்று எழுதுங்கள்.

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் உங்கள் வீட்டில் இருக்கும் அவரிடம் அடுத்த பரிசோதனை எந்தத் தேதி என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் சீட்டை எடுத்துப் பார்த்து, காலண்டரில் அந்தத் தாளின் மேல் பேனாவால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.